விருந்தாளிக்குப் போட்ட சாய்தளம்

டெல்லியில் எங்கள் விமானத்தை ஏரோபிரிட்ஜ் இல்லாத இடத்தில் நிறுத்தினார்கள். மற்றவர்கள் எல்லாம் படியில் இறங்கிப் பேருந்தில் ஏறிப் போய்விட, அக்காவும் நானும் கடைசியாக உட்கார்ந்திருந்தோம். இருக்கை வரிசைகளுக்கு நடுவே நுழைகிற அளவுக்கு ஒடுக்கமான நாற்காலி ஒன்று வந்தது. அக்காவை அதில் மாற்றி, பட்டையால் கட்டி, கதவுவரை உருட்டிக்கொண்டு போனார்கள். கதவுக்கு வெளியே லாரியின் மேல் ஓர் இரும்பு அறை காத்திருந்தது. நாங்கள் உள்ளே போனதும் அது அப்படியே தரைக்கு இறங்கியது. ஆம்புலிஃப்ட் என்கிறார்கள்.

“ஜாவேத் அபிதி புண்ணியம்டா இது” என்றார் அக்கா. கூட வந்த ஊழியர், தன்னைத்தான் ஏதோ பாராட்டுகிறார் என்று நினைத்துச் சிரித்தார்.

அக்கா என் பெரியம்மா மகள், மதுரைக்காரர். இரண்டு வயதில் போலியோ வந்தது. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டார். டெல்லிக்குப் போகலாம் என்று அவர் சொன்னபோது தாஜ்மகாலையும் சேர்த்துப் பார்த்துவிடலாம் என்றேன். “அது ஆக்ராவுல இருக்கு. நான் பாக்கப் போறது அபிதி சண்டை போட்ட எடங்களை” என்றார். பையில் மாத்திரைகளோடு ஓர் அளவு நாடாவையும் எடுத்து வைத்துக்கொண்டார். எதற்கு என்று முதலில் எனக்குப் புரியவில்லை.

அபிதி 1965-ல் அலிகாரில் பிறந்தவர். பிறவியிலேயே முதுகுத்தண்டில் குறை. பதின்வயதில் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டார். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் ரைட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்தார். கட்டடத்துக்குக் கட்டடம் நிலத்தடிப் பாதையிலேயே போய்விடக்கூடிய வளாகம் அது. அங்கே படித்துவிட்டு 1989-ல் டெல்லிக்குத் திரும்பியவருக்கு இந்த ஊர் எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய கற்பனை தேவையில்லை. பத்திரிகைக்காரராக ஆகியிருக்க வேண்டியவர் வழக்காடுபவராக, தெருவில் இறங்குபவராக ஆனார். 2018-ல் இறக்கும்வரை அப்படித்தான் இருந்தார். விமானப் பயணம் தொடர்பாக அவர் போட்ட வழக்கில் 1998-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒடுக்கமான அந்த நாற்காலி, தூக்கி இறக்கும் ஆம்புலிஃப்ட், இரண்டும் அந்த வழக்கில் பேசப்பட்டவை. பார்வையற்றோருக்கு இந்தியன் ஏர்லைன்ஸ் கொடுத்துவந்த கட்டணச் சலுகையை, 80 விழுக்காடும் அதற்கு மேலும் கைகால் இயக்கக் குறைபாடு உள்ளவர்களுக்கும் தரச் சொன்னது அந்தத் தீர்ப்பு.

நாங்கள் தங்கியது கரோல் பாகில் ஒரு சின்ன விடுதி. முன்பதிவு செய்யும்போது சக்கர நாற்காலி வசதி உண்டா என்று கேட்டிருந்தேன், உண்டு என்றார்கள். போய்ப் பார்த்தால் வாசலில் மூன்று படி. மேலாளர் கையைத் தட்டினார், நான்கு பையன்கள் ஓடி வந்தார்கள். அவர் சொன்ன வசதி அந்த நான்கு பேர்தான்.

தூக்கப்படுவது எப்படி இருக்கும் என்று அக்காவைப் போன்றவர்களைக் கேட்க வேண்டும். கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினால் அது கழன்று வரும். ஒருவர் இடுப்பில் கைவைப்பார், இன்னொருவர் முழங்காலுக்குக் கீழே. பாதி உயரத்தில் யாராவது பிடியை மாற்றுவார்கள். அந்த நொடியில் சாமி ஞாபகம் வரும். தெருவே நின்று வேடிக்கை பார்க்கும். தூக்குகிறவர்கள் எல்லாரும் நல்லவர்கள், அதனால் கோபப்படவும் வழி இருக்காது.

அக்கா முடியாது என்றதும் ஒரு பிளைவுட் பலகையைக் கொண்டுவந்து படிமேல் சாய்த்தார்கள். அளவு நாடா வெளியே வந்தது. ஒரு படி 6 அங்குலம், மூன்றுக்கு 18 அங்குலம். சாய்தளத்துக்கான கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு, அதாவது ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். கொத்தனார்கூட மனதில் போட்டுவிடக்கூடிய கணக்கு. அப்படியானால் அந்த வாசலுக்கு 18 அடிச் சாய்தளம் வேண்டும். அவர்கள் வைத்த பலகை 5 அடிகூட இருக்காது. அதில் ஏற்றினால் நாற்காலி பின்பக்கமாகக் குடைசாயும். நம்மூரில் பல கட்டடங்களில் ‘மாற்றுத்திறனாளிகளுக்கானது’ என்று படம் வரைந்து வைத்திருக்கும் சாய்தளங்களும் இந்த ரகம்தான். கண்ணுக்குச் சாய்தளம், கணக்குக்குச் சறுக்குமரம். யாரோ ஒருவர் கோப்பில் ‘உள்ளது’ என்று எழுத முடிகிறது, அவ்வளவுதான் பயன்.

கடைசியில் சமையலறைப் பக்கத்து வழி தரைமட்டமாக இருப்பது தெரிய வந்தது. வெங்காய மூட்டைகளைத் தாண்டி உள்ளே போனோம். இருந்த நாளெல்லாம் அக்காவுக்கு அதுதான் ராஜவாசல்.

மறுநாள் காலை மெட்ரோவில் குதுப்மினாருக்குக் கிளம்பினோம். டெல்லி மெட்ரோ 2002 டிசம்பரில் ஓடத் தொடங்கியது. லிஃப்ட், அகலமான டிக்கெட் வாயில், பெட்டிக்குள் சக்கர நாற்காலிக்கான இடம் என்று கட்டும்போதே யோசித்திருக்கிறார்கள். அப்படி யோசிக்க வைத்ததில் மாற்றுத்திறனாளி அமைப்புகளுக்குப் பங்கு உண்டு. ‘சமர்த்யம்’ அமைப்பின் அஞ்சலி அகர்வால் போன்றவர்கள் சக்கர நாற்காலியிலேயே வந்து, நிலையங்களை அளந்து, குறை சொல்லித் திருத்த வைத்தார்கள். இதற்கு ‘அணுகல் தணிக்கை’ என்று பெயர். வரவு செலவைத் தணிக்கை செய்வது போல இதில் கதவின் அகலம், கைப்பிடியின் உயரம், லிஃப்ட் பொத்தான் கைக்கு எட்டுகிறதா என்பதையெல்லாம் பார்ப்பார்கள். கட்டும்போதே செய்தால் செலவு உறைக்காது. கட்டி முடித்த பிறகு இடித்துச் செய்தால்தான் ‘எங்கே பணம்?’ என்ற கேள்வி வருகிறது. நம் அரசு அலுவலகங்கள் பெரும்பாலும் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

நடைமேடையில் பதித்திருந்த மஞ்சள் ஓடுகளை அக்கா காட்டினார். நீளக் கோடு இருந்தால் இப்படியே நடக்கலாம், புள்ளி இருந்தால் நிற்க வேண்டும் என்று பொருள். பார்வையற்றவர்களின் காலுக்கும் கோலுக்கும் புரியும் இந்தக் குறிகளைக் கண்டுபிடித்தவர் ஜப்பானைச் சேர்ந்த செய்ச்சி மியாகே. 1967-ல் ஒகயாமா நகரில் முதலில் பதிக்கப்பட்டவை, அரை நூற்றாண்டில் உலகம் முழுக்கப் பரவிவிட்டன. நிலையத்துக்கு உள்ளே எல்லாம் ஒழுங்காக இருந்தது. வெளியே ஒரு நடைபாதையில் அதே மஞ்சள் கோடு நேராகப் போய் ஒரு மின்கம்பத்தில் முட்டி நின்றது. அந்தக் கோட்டைப் பதித்த ஆள் கம்பத்தைப் பார்க்காமலா இருந்திருப்பார்? ஓட்டுக்கு இத்தனை என்று கூலி பேசியிருப்பார்கள், பதித்துவிட்டுப் போயிருப்பார்.

குதுப்மினார் நிலையத்திலிருந்து கோபுரம் கொஞ்சம் தள்ளித்தான் இருக்கிறது. ஆட்டோக்காரர் நாற்காலியை மடக்கிப் பின்னால் கயிற்றால் கட்டினார். “தீதி, இதோ வந்துவிட்டது” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார், வந்து சேர அரைமணி ஆனது.

இந்த இடத்துக்கு அக்கா வர விரும்பியதற்குக் காரணம் ஸ்டீஃபன் ஹாக்கிங். 2001 ஜனவரியில் அவர் இந்தியா வந்தார். மும்பையில் மாநாடு, டெல்லியில் உரை. நினைவுச்சின்னங்களைப் பார்க்க ஆசைப்பட்டார். நாட்டின் புகழ்பெற்ற சின்னங்களுக்குள் சக்கர நாற்காலி நுழைய வழியே இல்லை என்ற உண்மை அப்போதுதான் அதிகாரிகளுக்கு உறைத்தது. அபிதி அதுவரை எத்தனையோ மனுக்கள் எழுதியவர், இந்தச் சந்தர்ப்பத்தை விடவில்லை. உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது ஹாக்கிங்கை வாசலில் நிறுத்தப் போகிறீர்களா என்ற கேள்வி எழுந்தது. தொல்லியல் துறை அவசர அவசரமாக மரத்தில் சாய்தளங்கள் செய்து வைத்தது. ஹாக்கிங் குதுப்மினாரையும் ஜந்தர் மந்தரையும் பார்த்தார்.

அவை தற்காலிகச் சாய்தளங்கள். கல்யாணப் பந்தல் மாதிரி, மாப்பிள்ளை வீட்டார் வருகிறவரைக்கும் நின்றால் போதும். அபிதியின் சண்டை அதற்குப் பிறகுதான் சூடு பிடித்தது. ஒரு விருந்தாளிக்கு அவசரத்தில் முடிந்தது, சொந்த நாட்டில் இருக்கும் எங்களுக்கு ஏன் இத்தனை ஆண்டுகளாக முடியவில்லை? அதுவரை ‘தொன்மையான கல், தொடக்கூடாது’ என்று சொல்லித் தப்பித்தவர்களால் இனி அதைச் சொல்ல முடியவில்லை. தொடாமலே வழி செய்யலாம் என்பதை அவர்களே காட்டிவிட்டார்களே!

இன்று குதுப் வளாகத்தில் நிலையான சாய்தளங்கள் இருக்கின்றன. சக்கர நாற்காலியில் வாழும் ஸ்மினு ஜிந்தால் தொடங்கிய ‘ஸ்வயம்’ அமைப்பும் தொல்லியல் துறையும் சேர்ந்து செய்த வேலைகள் அதில் முக்கியமானவை. துருப்பிடிக்காத இரும்புத் தூண்வரைக்கும் நாற்காலியை நான் ஒருமுறைகூட முன்பக்கம் தூக்காமல் தள்ளிக்கொண்டு போனேன். அக்கா தூணை அண்ணாந்து பார்த்துவிட்டு, சாய்தளத்தின் விளிம்பைக் குனிந்து பார்த்தார். விளிம்பில் சக்கரம் நழுவாமல் தடுப்பு இருக்கிறதா என்று. பக்கத்தில் நின்ற வழிகாட்டி, குப்தர் காலம் என்று ஆரம்பித்தவர் இந்த அம்மாள் எதைப் பார்க்கிறார் என்று குழம்பிப் போனார்.

மினாருக்குள் 379 படிகள். 1981 டிசம்பரில் உள்ளே விளக்கு அணைந்து ஏற்பட்ட நெரிசலில் 45 பேர் இறந்தார்கள், பலர் பள்ளிப் பிள்ளைகள். அதிலிருந்து யாரையும் உள்ளே விடுவதில்லை. கால் உள்ளவர்களும் கீழே நின்று கழுத்து வலிக்கப் பார்ப்பதுதான். “இந்த எடத்துல மட்டும் எல்லாரும் என் கட்சி” என்றார் அக்கா.

ஹாக்கிங்குக்குப் போட்ட மரச் சாய்தளத்தை நினைத்ததும் எங்கள் இருவருக்கும் மெரினா ஞாபகம் வந்தது. மாற்றுத்திறனாளிகள் அலைக்குப் பக்கத்தில் போக நிரந்தரப் பாதை வேண்டும் என்று சென்னைக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டார்கள். ஆண்டுக்கு ஒருமுறை, மாற்றுத்திறனாளிகள் தினத்தையொட்டி மட்டும் தற்காலிகப் பாதை போட்டுவந்தார்கள். 2022 நவம்பர் 27-ல் நிரந்தர மரப்பாதை திறக்கப்பட்டது. இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் வந்து அதைச் சிதைத்தது. பிறகு சீரமைத்தார்கள். புயலைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வருடத்துக்கு ஒருநாள் கடலைக் காட்டிவிட்டுப் பலகையைச் சுருட்டிக்கொண்டு போன அந்தப் பழைய ஏற்பாட்டுக்கு என்ன பெயர் வைப்பது?

ஜந்தர் மந்தருக்கு மாலையில் போனோம். ஜெய்ப்பூர் மன்னர் இரண்டாம் ஜெய்சிங் பதினெட்டாம் நூற்றாண்டில் கட்டிய வானாய்வுக்கூடம். நடுவில் இருக்கும் சாம்ராட் யந்திரம் வானத்தை நோக்கிப் போகும் ஒரு மாபெரும் படிக்கட்டு. அதன் நிழல்தான் நேரம் காட்டுகிறது. மனிதன் ஏறிப் பார்க்கவே கட்டியவை இவை, இவற்றைச் சுற்றி வரத்தான் பாதை போட முடியும். அக்காவுக்கு அதில் குறை இல்லை. அவர் வந்தது இந்தக் கட்டடத்துக்காக அல்ல, இதன் பெயரைத் தாங்கிய பக்கத்துச் சாலைக்காக. டெல்லியில் கொடி பிடிக்க வேண்டும் என்றால் இந்தச் சாலைக்குத்தான் வர வேண்டும். நாங்கள் போன நேரம் ஏதோ ஓய்வூதியக் கோரிக்கைக்காரர்கள் ஷாமியானாவுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். அக்கா ஒரு டீ வாங்கிக்கொண்டு, தான் கலந்துகொள்ளாத போராட்டங்களைக் கலந்துகொண்டவர் போல விவரிக்க ஆரம்பித்தார்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்கான முதல் சட்டம் 1995-ல் வந்தது. டிசம்பரில் மாற்றுத்திறனாளிகள் தலைநகரத் தெருவில் இறங்கிய சில நாட்களில், 22-ஆம் தேதி, நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது. பொதுக் கட்டடங்களில் சாய்தளம், சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை, லிஃப்டில் பிரெய்ல் குறி, குரல் அறிவிப்பு என்று எல்லாம் அதில் எழுதியிருந்தது. கூடவே ஒரு வரியும் இருந்தது: அரசு தன் பொருளாதார வசதிக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டு இவற்றைச் செய்ய வேண்டும். வங்கியில் கடன் பத்திரங்களோடு வாழ்ந்த அக்காவுக்கு இந்த மாதிரி வரிகள் அத்துப்படி. “கடன் வாங்கினவன், கையில காசு இருந்தாத் தர்றேன்னு எழுதிக் குடுத்தா நான் கையெழுத்துப் போடுவேனா?”

2004 நாடாளுமன்றத் தேர்தலின்போது அபிதியின் ஊனமுற்றோர் உரிமைக் குழு உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. வாக்குச்சாவடிக்குள் போக முடியாதவனுக்கு எதற்கு வாக்காளர் பட்டியலில் பெயர்? நீதிமன்றம் சாய்தளம் வைக்க உத்தரவிட்டது. அப்போதும் மரம்தான். நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் இப்போது தென்படும் சிமெண்ட் சாய்தளங்களில் பல, வாக்குச்சாவடி என்ற தகுதியால் வந்தவை. உள்ளே படிக்க வேண்டிய பிள்ளைக்காக முதலிலேயே அவை கட்டப்படவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

2016-ல் புதிய சட்டம் வந்தது. கட்டடங்கள் விஷயத்தில் வசதிக்கு உட்பட்டு என்ற பேச்சு அதில் இல்லை. விதிகளுக்கு ஒத்துவராத வரைபடத்துக்கு அனுமதி தரக்கூடாது, கட்டி முடித்தாலும் நிறைவுச் சான்றிதழ் தரக்கூடாது, ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களை ஐந்து ஆண்டுக்குள் மாற்றியாக வேண்டும் என்றது. விதிகள் 2017 ஜூனில் வெளியாயின, கெடு 2022 ஜூனில் முடிந்தது. ஆனால் அந்த விதிகளில்தான் பழைய வாசனை மறுபடி நுழைந்திருந்தது. அளவுகளைப் பற்றிச் சொல்லும் 15-ஆம் விதி சுட்டிய வழிகாட்டுதல்கள் பலவும், இப்படிச் செய்யலாம், செய்தால் நல்லது என்ற ரகம்.

இது பிடிபட்டது ராஜீவ் ரதூரியின் வழக்கில். அவர் பார்வைக் குறைபாடு உள்ளவர். 2005-ல் அவர் தொடுத்த வழக்கில் 2017-ல் ஒரு தீர்ப்பு வந்தது, அதில் சொன்னவை நடந்தனவா என்று பார்க்கப் போய் 2024 நவம்பர் 8-ல் இன்னொரு தீர்ப்பு வந்தது. அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு, 15-ஆம் விதி தாய்ச் சட்டத்துக்கே முரணானது என்றது. சட்டம் கட்டாயம் என்று சொன்னதை விதி பரிந்துரை என்று நீர்க்கச் செய்ய முடியாது. கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் வகுக்கச் சொன்னது. மனுப் போட்டபோது பிறந்த குழந்தை இந்தத் தீர்ப்பு வந்தபோது வாக்களிக்கும் வயதைத் தாண்டியிருக்கும்.

ஹூமாயூன் கல்லறை மறுநாள். மேடையே ஏழு மீட்டர் போல உயரம், செங்குத்தான கல்படிகள். அக்கா கீழே நிழலில் நாற்காலியை நிறுத்திக்கொண்டு, “நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு” என்று அனுப்பினார். மேலே போனால் மனம் ஒட்டவில்லை, சீக்கிரமே இறங்கி வந்துவிட்டேன். அக்கா கணக்குப் போட்டு வைத்திருந்தார்: ஏழு மீட்டருக்கு 84 மீட்டர் சாய்தளம், நடுவில் இளைப்பாறும் தளங்களைச் சேர்த்தால் இன்னும் நீளும். அந்தத் தோட்டத்தின் அழகையே அது கெடுத்துவிடும். “இது வேணாம்டா. முகலாயன் என்னை மனசுல வச்சுக் கட்டல, சரி. போன வருசம் கட்டினவன் ஏன் என்னை நெனைக்கல?”

எனக்கும் அதே எண்ணம்தான். நினைவுச்சின்னங்களைப் பற்றிய விவாதம் சுவையாக இருக்கிறது, பத்திரிகைகளில் படமும் நன்றாக வருகிறது. ஆனால் வாழ்க்கை தடைபடுவது வேறு கட்டடங்களில். 2023 அக்டோபரில் மும்பையில் விராலி மோதி என்ற மாற்றுத்திறனாளி உரிமைச் செயற்பாட்டாளர் தன் கல்யாணத்தைப் பதிவு செய்யப் போனார். பதிவாளர் அலுவலகம் இரண்டாவது மாடியில், லிஃப்ட் இல்லை. அதிகாரி கீழே இறங்கி வரவில்லை. கல்யாணப் பெண்ணைப் படியில் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் அதை வெளியே சொன்ன பிறகு மாநிலத்தின் துணை முதல்வர் மன்னிப்புக் கேட்டார். நாடறிந்த ஒருவருக்கு மன்னிப்பாவது கிடைத்தது. நம் ஊரில் பத்திரப் பதிவுக்கு வரும் வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள். காரிலேயே உட்காருங்கள், நாங்களே வந்து ரேகை வாங்கிக்கொள்கிறோம் என்று இரக்கமுள்ள அலுவலர் சொல்வார். அவர் மாற்றலாகிப் போனால் அடுத்தவர் எப்படியோ, தெரியாது.

2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள். அந்தக் கணக்கில் மூட்டுவலிக்காரர்கள் இல்லை, வயிற்றுப்பிள்ளைக்காரிகள் இல்லை, கால் உடைந்து மாவுக்கட்டுப் போட்டவர்கள் இல்லை. சாய்தளம் கட்டினால் அதில் முதலில் ஏறுகிறவர் இவர்களில் ஒருவராகத்தான் இருப்பார், பல நேரம் தண்ணீர் கேன் போடுகிற பையன்.

விடுதியைக் காலி செய்கிற அன்று மேலாளர், அடுத்த முறை ஒருநாள் முன்னதாகச் சொல்லிவிட்டு வந்தால் பெரிய பலகை ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். மனதாரத்தான் சொன்னார். அக்கா தன் டைரியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து 18 அடி, 3 அடி அகலம், இருபக்கமும் கைப்பிடி என்று படம் போட்டுக் கொடுத்தார். வாசலில் நேராக 18 அடி விட முடியாது என்பதால் பக்கவாட்டில் திருப்பியிருந்தார். அவர் அதை நோட்டீஸ் பலகையில் குத்தினாரா, குப்பையில் போட்டாரா என்று பார்க்க நாங்கள் நிற்கவில்லை, டாக்சி வந்துவிட்டது.

திரும்பும் விமானத்தில் அக்கா கடிதம் எழுதிக்கொண்டே வந்தார். பெரியம்மா பெயரில் இருக்கும் மனையை மாற்றி எழுத வேண்டும், பதிவு அலுவலகம் ஒரு வாடகைக் கட்டடத்தின் முதல் மாடியில் இருக்கிறது. மாவட்ட ஆட்சியருக்கு ஒரு பிரதி, சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு ஒரு பிரதி. 2016 சட்டத்தின் 45-ஆம் பிரிவு, கெடு முடிந்த தேதி, 2024 தீர்ப்பு எல்லாம் வரிசையாக வந்திருந்தன. ஒரே ஓர் இடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருந்தார்.

“திங்கக்கெழமை நீ அங்க போய் எத்தனை படின்னு எண்ணிட்டு வா. ஒரு படியோட உயரத்தையும் அள. மாடி ஏறி எண்ண என்னால முடியாதுல்ல” என்று அளவு நாடாவை என் கையில் கொடுத்தார்.